திரும்பி வந்த இருபத்தைந்து நாழிகை

(பணி ஓய்வு பெற்றோருக்கான அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பணி ஓய்வுக்குப் பின் அன்றாட வாழ்வை இனிதே அமைத்துக்கொள்வது எவ்வாறு என்பது பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். நம் குடும்பங்களில் உழவர் ஒரு பாதி என்றால், ஆசிரியரும் அரசு ஊழியரும் வங்கிப் பணியாளரும் மறு பாதி. உழவருக்கு ஓய்வு நாள் என்று ஒன்றில்லை. உடல் தளரத் தளர வேலையும் மெல்லக் குறையும். சம்பளத்திற்கு உழைத்தவர் நிலை வேறு. மாதத்தின் கடைசி நாள் மாலையில் மாலையும் சால்வையும் அணிவித்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். மறுநாள் காலை என்ன செய்வது என்பதை எவரும் சொல்லித் தருவதில்லை.

தமிழ்நாடு அரசுப் பணியில் ஓய்வு வயது 2020ஆம் ஆண்டு 58இலிருந்து 59 ஆகவும், 2021ஆம் ஆண்டு 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அறுபதில் ஓய்வு பெறும் ஒருவர் எண்பதைக் காண்பது இன்று அரிய செய்தியன்று. அவருக்கு இருபது ஆண்டுகள் மீதமிருக்கின்றன. அவற்றை எப்படிக் கழிப்பது என்று மலைக்க வேண்டியதில்லை. ஒரு நாளை ஒழுங்காக அமைத்துக்கொண்டால் இருபது ஆண்டும் அந்த ஒழுங்கிலேயே அமைந்துவிடும். ஆகவே ஒரு நாளைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன்.

நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகப் பகுத்தனர். ஒரு நாழிகை 24 நிமிடம். அலுவலகத்தில் எட்டு மணி நேரம், பேருந்திலும் புறப்பாட்டிலும் இரண்டு மணி நேரம் எனக் கொண்டால், பணியிலிருந்தவர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்தைப் பணிக்கென அளித்து வந்தார். அது 25 நாழிகை. ஓய்வு பெற்ற மறுநாள் அந்த 25 நாழிகையும் அவரிடம் திரும்பி வந்துவிடுகிறது. ஓய்வுக் காலப் பயனாகிய பணிக்கொடையை எந்த வங்கியில் இடுவது என்று பலரைக் கேட்டு முடிவு செய்கிறோம். இந்த 25 நாழிகையை எங்கே இடுவது என்று எவரையும் கேட்பதில்லை.

கேட்காமல் விடுவதால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நிகழ்கிறது. முதலாவது, அந்த நாழிகைகள் யாவும் வெறுமையாய்க் கிடக்கின்றன. நாளிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த பின்னும் மணி ஒன்பதுதான் ஆகியிருக்கிறது. பின்னர் தொலைக்காட்சி, அதன் பின் கைப்பேசி, அதன் பின் உறக்கம். பகலில் உறங்கியவருக்கு இரவில் உறக்கம் வருவதில்லை. இரவு உறங்காதவர் காலையில் எழுவதில்லை. ஆறு மாதத்தில் உடல் கனக்கிறது. பேச்சில் சலிப்பு ஏறுகிறது.

இரண்டாவது, விட்டுவந்த அலுவலகத்தை வீட்டுக்குள் நிறுவிக்கொள்வது. முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்புகளைச் சரிபார்த்த கண், இப்போது மளிகைக் கணக்கைச் சரிபார்க்கிறது. மாணவரை வரிசையில் நிறுத்திய குரல், இப்போது பேரப்பிள்ளையின் செருப்பு எங்கே கிடக்கிறது என்பதை விசாரிக்கிறது. பால் ஏன் தாமதம், விளக்கு ஏன் எரிகிறது, தொலைபேசியில் பேசியது யார் என்று நாள் முழுதும் மேற்பார்வை நடக்கிறது. இவர் கெட்ட எண்ணத்தால் இதைச் செய்யவில்லை. பொறுப்போடிருந்த மனம் பொறுப்பில்லாமல் இருக்க அறியவில்லை. ஆயினும் வீட்டிலிருப்போர், இவர் மீண்டும் எங்கேனும் வேலைக்குப் போகமாட்டாரா என்று உள்ளூர ஏங்கத் தொடங்குகின்றனர்.

இவ்விரண்டுக்கும் மாற்று என்ன என்று சொல்வதற்கு முன், நாம் வசதியாக மறந்துவிடும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவர் ஓய்வு பெற்றார். இல்லத்தரசி ஓய்வு பெறவில்லை. அவருக்கு அறுபது வயதில் அரசாணை எதுவும் வருவதில்லை. அதுமட்டுமன்று, கணவர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் வேலை கூடுகிறது. முன்பு காலையில் ஒரு முறை உணவு கட்டிக் கொடுத்தால் மாலை வரை அடுப்படி அவருக்குச் சொந்தம். கோயிலுக்குப் போகலாம், அடுத்த வீட்டு அம்மாளோடு பேசலாம், சற்றே கண்ணயரலாம். இப்போது பத்து மணிக்கு ஒரு காப்பி, பதினொன்றுக்கு மோர், ஒன்றுக்குச் சாப்பாடு, மூன்றரைக்குத் தேநீர். ஒருவருடைய இனிய ஒழுங்கு மற்றொருவருடைய முதுகின்மீது ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அறிவதில்லை.

நம் இல்லங்களில் இதற்கு ஒரு தனிக் கூர்மையும் உண்டு. கதிரவன் மறைவதற்கு முன் உண்டு முடிப்பது நம் மரபு. அத்தமனத்திற்கு இரண்டு நாழிகை முன்பே முடித்துவிடுவோரும் உளர். பணியிலிருந்த காலத்தில் பலரால் இதைக் கடைப்பிடிக்க இயலவில்லை. அலுவலகம் விட்டு வீடு வருவதற்குள் இருட்டிவிடும். ஓய்வு பெற்றவுடன் பலரும் விரும்பி மேற்கொள்ளும் முதல் நியமம் இதுவே. மிக நன்று. ஆனால் அந்த உணவை யார் சமைப்பது? மகனும் மருமகளும் பணிக்குச் செல்லும் வீட்டில், மருமகள் திரும்பும்போது மணி ஏழு. சென்னையில் நவம்பர் மாதத்தில் ஐந்தே முக்கால் ஆவதற்குள் கதிரவன் மறைந்துவிடுகிறான். ஜூலையில் ஆறரை கடந்தும் வெளிச்சம் இருக்கும். ஆண்டுக்குள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பின்னாக நகரும் அந்த வேளைக்கு, அறுபத்தைந்து வயது மாமியார் முழங்கால் வலியோடு மாலை நான்கு மணிக்கே அடுப்பின்முன் நிற்க வேண்டியிருக்கிறது. மாமனார் விரதம் காக்கிறார். விரதத்தின் உழைப்பை மற்றொருவர் சுமக்கிறார்.

நியமம் என்னுடையதானால் அதற்குரிய உழைப்பிலும் ஒரு பங்கு என்னுடையதாக இருக்க வேண்டும். இன்று உங்கள்முன் வைக்க வந்த கருத்து இதுவே. ஓய்வுக் காலத்தின் அன்றாட ஒழுங்கு இனிமையானதா என்பதை, அதை அனுபவிப்பவரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யக்கூடாது. அவரோடு ஒரே கூரையின்கீழ் வாழ்பவரையும் கேட்க வேண்டும்.

கோதுமை ரவையில் கஞ்சி வைப்பதும், அரிசி உப்புமா கிளறுவதும், பாசிப்பருப்பை வேகவைத்து இறக்குவதும் ஒரு மாதத்தில் எவரும் கற்றுக்கொள்ளக் கூடியவை. பணியிலிருக்கும்போது புதிய கணினி முறை வந்தபோதெல்லாம் கற்றுக்கொண்டோம் அல்லவா? மாலை உணவை ஓய்வு பெற்றவரே ஆக்கி, மனைவிக்கும் பரிமாறித் தாமும் உண்டுவிட்டால், அந்த வீட்டில் விரதமும் நிலைக்கும், இணக்கமும் நிலைக்கும். நம் சமையலறையில் பொறுமையும் கண்ணும் தேவைப்படும் வேலைகள் பல உண்டு. கீரையை இலை இலையாய்த் திருப்பிப் பார்த்து ஆய்வது, அரிசியையும் பருப்பையும் முறத்தில் பரப்பிப் பூச்சி பார்ப்பது, தண்ணீரைத் துணியிட்டு வடிகட்டி வைப்பது. அவசரத்தில் ஓடும் இளையோரால் இவற்றைச் செவ்வையாகச் செய்ய இயலாது. நேரம் உள்ளவர் செய்ய வேண்டிய அகிம்சைத் தொண்டு இது. 25 நாழிகையில் மூன்று நாழிகையை இதற்கு ஒதுக்குங்கள்.

இனி, நாளின் அமைப்பைச் சொல்கிறேன். இது ஒரு மாதிரியே. அவரவர் உடலுக்கும் ஊருக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

விடியலில் எழுந்ததும் ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, 48 நிமிடம், சாமாயிகத்திற்கு உரியது. தொடக்கத்தில் அவ்வளவு நேரம் அமர இயலாதவர் அரை நாழிகையில் தொடங்கலாம். கீழே அமர முடியாதவர் நாற்காலியில் அமரலாம். அதன்பின் நடை. நிலம் தெளிவாகத் தெரியும் வெளிச்சம் வந்த பின்னரே நடக்கப் புறப்படுவது நல்லது. காலடியில் ஊர்ந்து செல்லும் சிற்றுயிர் பிழைக்கும். மேடு பள்ளம் தெரியாமல் நாம் விழுவதும் தவிரும். உலகச் சுகாதார நிறுவனம் 65 வயதைக் கடந்தவருக்கு வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பையும், வாரத்தில் மூன்று நாளேனும் உடலின் சமநிலையை வளர்க்கும் பயிற்சியையும் பரிந்துரைக்கிறது. வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் நடந்தால் முதற்கணக்கு முடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் சில நொடிகள் நிற்கப் பழகுவது இரண்டாவதற்கு ஒரு எளிய தொடக்கம். முதுமையில் பலரைப் படுக்கையில் தள்ளுவது குளியலறையில் வழுக்கி விழும் ஒரு நொடிதான். அங்கே கைப்பிடி ஒன்றைப் பொருத்துவதை அடுத்த மாதத்திற்குத் தள்ள வேண்டாம்.

நடை முடித்து ஜினாலயம். அதன்பின் காலை உணவு. முற்பகலே அறிவு தெளிந்திருக்கும் வேளை. அதைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்துவிடாமல் படிப்பிற்கும் எழுத்திற்கும் ஒதுக்க வேண்டும். சுவாத்தியாயம் என்று நாம் சொல்வது வெறும் பாராயணமன்று. பொருளுணர்ந்து கற்பதும், ஐயங்களைக் கேட்பதும், பிறருக்கு எடுத்துரைப்பதும் அதனுள் அடங்கும். நண்பகல் உணவுக்குப்பின் அரை மணி நேரம் ஓய்வு போதும். அதற்கு மேல் நீண்டால் இரவு உறக்கத்தைத் தின்றுவிடும். தாகம் தோன்றாவிட்டாலும் பகற்பொழுதிலேயே போதிய தண்ணீர் அருந்திவிட வேண்டும். முதுமையில் தாகவுணர்வு குறைந்துவிடும். இரவில் நீரும் அருந்தாத நியமம் உடையவர்க்கு இது மிகவும் இன்றியமையாதது. மாலையில் முன்சொன்ன சமையல். உணவுக்குப்பின் மனிதரோடு பேசுவதற்கான நேரம். அப்போது கைப்பேசி வேறோர் அறையில் இருக்கட்டும்.

சிராவகர்க்குச் சொல்லப்பட்ட சிட்சாவிரதங்கள் நான்கும் ஓய்வு பெற்றவரின் நாளுக்கு நன்கு பொருந்துவதை எண்ணிப் பார்க்கலாம். தேசாவகாசிகம் என்பது, இன்று இன்ன எல்லைக்குள் இருப்பேன் என்று குறித்த காலத்திற்கு வரையறுத்துக்கொள்வது. வாழ்நாள் முழுமைக்கும் உறுதி பூண்டு ஒரு வாரத்தில் கைவிடுவதைவிட, இன்று ஒரு நாளைக்கு என்று எல்லை வகுத்துக்கொண்டு நிறைவேற்றுவது எளிது. அடுத்த நாள் புதுப்பித்துக்கொள்ளலாம். இன்று மாலை வரை செய்திகளைப் பார்க்கமாட்டேன் என்பதும் இந்த வழியில் ஒரு நல்ல பழக்கமே. சாமாயிகம் நாளுக்கு ஒரு நிலையான தொடக்கம் தருகிறது. அட்டமி, சதுர்த்தசி நாட்களில் நோற்கும் புரோடதோபவாசம், வார நாள் என்ற வேறுபாடே அற்றுப்போன ஓய்வுக் காலத்தில் நாட்களை அடையாளம் காட்டுகிறது. நீரிழிவிற்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உட்கொள்வோர் மட்டும், நோன்பு நாளில் மருந்தின் அளவையும் வேளையையும் என்ன செய்வது என்று முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டறிய வேண்டும். உணவின்றி அதே மருந்தை உட்கொண்டால் சர்க்கரை அளவு அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். பொருமல் இன்றி ஒரு வேளை உணவைக் குறைப்பதும், ஒரு சுவையை விடுவதும் நோன்பே. நான்காவது வையாவிருத்தியம். அறவோர்க்குத் தொண்டு செய்வதும் தானம் அளிப்பதும் அதனுள் அடங்கும். அந்த மனப்பாங்கு வீட்டிலுள்ள நோயாளியிடமும் வெளிப்பட்டால் குடும்பம் பயனடையும்.

இவ்வளவும் அமைந்த பின்னும் நாளில் ஒரு குறை தோன்றும். நம்மை எதிர்பார்த்துக் காத்திருப்பவர் எவரும் இல்லையே என்பதுதான் அது. அலுவலகத்தில் இருந்தபோது நாம் பத்து நிமிடம் தாமதித்தாலும் ஒருவர் தேடினார். இப்போது நாள் முழுதும் காணாமற்போனாலும் தேட ஆளில்லை. இக்குறையை உணவாலோ ஓய்வாலோ நிரப்ப முடியாது. பிறர் காத்திருக்கும் ஒரு பணி வேண்டும்.

உ. வே. சாமிநாதையர் அவர்கள் நம் சமூகம் நன்றியோடு நினைக்கும் பெரியவர். சீவக சிந்தாமணியை 1887இல் அவர் பதிப்பிக்கும்போது, கும்பகோணத்துச் சமணப் பெருமக்கள் அவருக்குத் துணைநின்றதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அவர் சென்னை மாநிலக் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றது 1919இல். அப்போது அவருக்கு வயது 64. நம் மரபின் மற்றொரு செல்வமாகிய பெருங்கதையை அவர் பதிப்பித்தது 1924இல். குறுந்தொகைக்கு உரையெழுதிப் பதிப்பித்தது 1937இல், தம் 82ஆம் வயதில். தம் வரலாற்றை ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியது 1940இல். ஓய்வு என்னும் சொல் அவருக்குச் சம்பளம் நின்றதை மட்டுமே குறித்தது.

நம்முள் தோன்றிய பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் அவர்கள் 1880இல் பிறந்தவர். பணியிலிருந்த காலத்திலேயே, 1920இல், பஞ்சாஸ்திகாயத்தை ஆங்கிலத்தில் தந்தவர். தமிழிலுள்ள சமண இலக்கியங்களைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1941இல் வெளிவந்தது. குந்தகுந்தரின் சமயசாரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கிய பெருநூல் 1950இல், அவருடைய எழுபதாம் வயதில் வெளிவந்தது. இளமையில் தொடங்கிய ஒன்றை முதுமையில் நிறைவு செய்தார் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஓய்வுக்குப்பின் செய்யப்போகும் பணியின் விதையை ஓய்வுக்கு ஐந்தாண்டு முன்பே ஊன்றிவிட வேண்டும். இன்னும் பணியிலிருக்கும் ஐம்பத்தைந்து வயதினர் இங்கே இருப்பின், இதை உங்களுக்காகவே சொல்கிறேன்.

எல்லோரும் ஏடு பதிப்பிக்க முடியாது; வேண்டியதுமில்லை. நம் ஊர்களில் செய்வாரின்றிக் கிடக்கும் பணிகளை எண்ணிப் பாருங்கள். வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டங்களின் சிற்றூர்களில், இளையோர் நகரங்களுக்குப் போய்விட, நான்கைந்து குடும்பங்களே விளக்கேற்றிக் காக்கும் ஜினாலயங்கள் இருக்கின்றன. அவற்றின் நில விவரங்களையும் வரவு செலவையும் ஒழுங்காக எழுதி வைக்க, ஓய்வு பெற்ற வருவாய்த்துறை ஊழியரைவிடத் தகுதியானவர் யார்? ஓய்வு பெற்ற தமிழாசிரியர், ஞாயிறுதோறும் பத்துப் பிள்ளைகளுக்கு நம் காப்பியங்களைக் கதையாகச் சொல்லலாம். வங்கியில் இருந்தவர், படிவம் நிரப்பத் தெரியாத முதியவர்க்கும் கைம்பெண்களுக்கும் வாரம் ஒரு நாள் உதவலாம். செவிலியராய் இருந்த அம்மையார், தெருவிலுள்ள முதியோரின் இரத்த அழுத்தத்தை மாதம் ஒரு முறை அளந்து குறித்துக் கொடுக்கலாம். அவரவர் கிராமத்தின் பெரியோரிடம் பேசி, குடும்பங்களின் வழிமுறையையும் பழைய திருவிழா முறைகளையும் எழுதி வைக்கலாம். இவற்றுள் ஒன்றே போதும். நாளும் கிழமையும் நிலையாய்க் குறித்து, ஒருவர் நம்மை நம்பிக் காத்திருக்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். முடிந்தபோது வருகிறேன் என்று சொல்லும் தொண்டு நீடிப்பதில்லை.

அடுத்து, பணம் பற்றிய ஒழுங்கு. நாள்தோறும் வட்டியைக் கணக்கிட்டுக் கவலைப்படுவதைவிட, மாதத்தில் ஒரு முற்பகலை இதற்கென ஒதுக்கிவிடுவது மனநிம்மதி தரும். ஓய்வூதிய ஆணை, வங்கிப் புத்தகம், வைப்புத்தொகைச் சான்றுகள், மருத்துவக் காப்பீட்டு அட்டை, வீட்டுப் பத்திரத்தின் நகல் ஆகிய யாவும் ஒரே உறையில் இருக்கட்டும். மைய அரசு ஓய்வூதியர் நவம்பரிலும் மற்றையோர் தத்தமக்கு விதிக்கப்பட்ட மாதத்திலும் உயிர்வாழ் சான்று அளிக்க வேண்டும். 2014 முதல் ஜீவன் பிரமாண் என்னும் மின்முறையால் வீட்டிலிருந்தே இதை முடிக்க வழி உண்டு. எழுபது வயது நிறைந்தவர்க்கு, வருமான வரம்பின்றி, ஆண்டுக்குக் குடும்பத்திற்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவக் காப்பீடு 2024 அக்டோபர் இறுதியில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின்கீழ் தொடங்கப்பட்டது. ஓய்வூதிய ஆவணத்தில் மனைவியின் பெயரும் பிறந்த நாளும் ஆதார் அட்டையில் உள்ளவாறே இருக்கின்றனவா என்று இப்போதே ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காக, துயரத்தில் இருக்கும் ஒரு பெண் பல அலுவலகங்களின் படியேற நேரிடும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லாமல் விட முடியாது. இருவரால் நடக்கும் ஒழுங்கு, ஒருவர் பிரிந்ததும் ஒரே நாளில் குலைந்துவிடுகிறது. மனைவியை இழந்த ஆடவர் அடுப்பைப் பற்றவைக்கத் தெரியாமல் மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்குமாக அலைவதையும், கணவரை இழந்த பெண் தம் பெயரிலுள்ள பணத்தை எடுக்கத் தெரியாமல் பிறர் கையை எதிர்பார்ப்பதையும் நாம் கண்டிருக்கிறோம். சொந்த ஊரைவிட்டு, கண் பழகாத நகரத்தில், முகம் தெரியாத அடுக்ககத்தில் கடைசி ஆண்டுகளைக் கழிக்க நேர்வது பலருக்கு விருப்பத்தால் அன்று. அந்த ஒரு வேலை தெரியாமையால்தான். ஆகவே இருவரும் உடனிருக்கும் காலத்திலேயே ஒருவர் பணியை மற்றவர் கற்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் சமையல் முழுவதும் கணவருடையதாகட்டும். மாதத்தில் ஒரு முறை வங்கிக்கு மனைவி தனியே சென்று வரட்டும். கற்பதற்கு வெட்கப்படும் வயதைக் கடந்துவிட்டோம்.

ஒழுங்கு முற்றினால் அதுவே பற்றாகிவிடும் என்பதையும் எச்சரிக்க வேண்டும். காப்பி பத்து நிமிடம் தாமதமானதற்காக முகம் சுளிப்பவர், ஒழுங்கைக் கடைப்பிடிக்கவில்லை. ஒழுங்கு அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் நடை அரை மணி தள்ளிப்போகட்டும். பேரனுக்குக் காய்ச்சல் என்றால் படிப்பு ஒரு நாள் நிற்கட்டும். சாமாயிகத்தில் அமர்ந்திருக்கும்போது வாயிலில் மணி அடித்தால் உள்ளம் கொதிப்பதாயின், அங்கே சமநிலை இன்னும் வந்துசேரவில்லை. நாம் வகுத்த நேரத்தை நாமே மென்மையோடு மாற்றக்கூடிய நிலையில் இருப்பதுதான் அது நமக்கு நன்கு படிந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

இளைய தலைமுறையினருக்கும் ஒரு வேண்டுகோள். அப்பா சும்மாதானே இருக்கிறார் என்று எண்ணி, உங்கள் வேலைகளையெல்லாம் அவருடைய நாளில் கொட்டிவிடாதீர்கள். பேரக்குழந்தைகளோடு இருப்பது அவர்களுக்குப் பேரின்பம். ஆனால் காலை முதல் இரவு வரை தனித்து அவர்களைக் காப்பது எழுபது வயது உடலுக்குப் பெருஞ்சுமை. நாளைக்கு இவ்வளவு நேரம் பார்த்துக்கொள்ள இயலுமா என்று கேட்டு அறியுங்கள். இயலாது என்று அவர்கள் சொல்லும்போது வருந்தாதீர்கள். அதேபோல், அன்போடு எண்ணி, எந்த வேலையையும் செய்யவிடாமல் நாற்காலியில் இருத்திவைப்பதும் அவர்களுக்குச் செய்யும் நன்மையன்று. மின்கட்டணம் செலுத்துவது, செடிக்கு நீர் ஊற்றுவது, கீரை ஆய்வது ஆகியவற்றைப் பறிக்காதீர்கள். தம்மால் ஒன்று நடக்கிறது என்னும் நிறைவை அவைதாம் அளிக்கின்றன.

பெரியோர்களே, கூட்டிப் பார்ப்போம். காலைச் சாமாயிகத்திற்கு இரண்டு நாழிகை. நடைக்கும் ஜினாலயத்திற்கும் நான்கு. படிப்பிற்கும் எழுத்திற்கும் ஐந்து. சமையலறைக்கு மூன்று. பிறருக்கான பணிக்கு ஐந்து. குடும்பத்தாரோடும் அயலாரோடும் பேச்சுக்கு மூன்று. இருபத்திரண்டு ஆயிற்று. எஞ்சியிருக்கும் மூன்று நாழிகையை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவிடுங்கள். திண்ணையில் அமர்ந்து தெருவைப் பார்க்கவும், பழைய நண்பர் வந்தால் பேசவும், மழை பெய்தால் நின்று கேட்கவும் அது உதவும். முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவருக்கு அந்த உரிமை உண்டு.

இவ்விழா முடிந்து வீடு திரும்பியதும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே. உங்களோடு வாழ்பவரை அருகில் அமர்த்தி, "என் நாளில் உனக்குச் சுமையாய் இருப்பது எது?" என்று கேளுங்கள். விடை உடனே வராது. ஓரிரு நாள் ஆகலாம். வந்ததும் அந்த ஒரு வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். மற்ற ஒழுங்குகளை அதன்பின் ஒவ்வொன்றாய் அமைத்துக்கொள்ளலாம்.